ஊர் விஷயம் கடிதத்தில் மட்டும்

ஜூன் 4

கண்ணாடிக்காரருக்கு,

நேற்று போனைப் பாதியில் வைத்ததற்குக் கோபமாக இருப்பீர்கள். இருங்கள், நானும் அப்படித்தான் இருக்கிறேன். எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் 'எந்த ஊர்' என்பதில் வந்து நிற்கிறது. நீங்கள் குரலை உயர்த்துகிறீர்கள், நான் போனை வைத்துவிடுகிறேன். புருஷன் பெண்டாட்டி இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது? அதனால் ஒரு விதி வைத்திருக்கிறேன். இனிமேல் போனில் உடம்பு, சாப்பாடு, வீட்டுத் தண்ணீர் மோட்டார், இவ்வளவுதான். ஊர் விஷயம் கடிதத்தில் மட்டும். கடிதத்தில் உங்களால் கத்த முடியாது, என்னாலும் பாதியில் வைக்க முடியாது.

விஷயம் இதுதான். நேற்று மேலாளர் கூப்பிட்டார். நான் பார்க்கிற வேலையை நிரந்தரமாக்குகிறார்களாம். "ஆகஸ்ட் கடைசிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. இல்லைன்னா நாங்க வேற ஆள் பார்க்கணும்" என்றார். ஆபரேஷன் அறைகளிலிருந்து கத்தரியும் இடுக்கியும் தட்டுத் தட்டாக எங்களிடம் இறங்கி வருகின்றன. கழுவி, சரிபார்த்து, துணியில் சுற்றி, நீராவி இயந்திரத்தில் வைத்து எடுத்து மேலே அனுப்புகிறோம். நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலும் இதே வேலைதான் செய்தேன், ஆனால் அங்கே நான் எட்டாவது ஆள். இங்கே அந்தப் பிரிவுக்கே நான்தான் தலைமை.

இந்தப் பெரிய ஊரைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் எனக்கு மனப்பாடம். ரயிலில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு போகிறேன், உண்மை. இவ்வளவு வாடகை வாங்கிக்கொண்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் குழாயைக் காட்டுகிறார்கள், அதுவும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் கடையில் எதையோ கேட்கும்போது என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருக்கிறது. மறைக்கவில்லை. ஆனாலும் காலையில் அந்தக் கூட்டத்தோடு படி இறங்கும்போது யாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. ரொட்டிக் கடையில் ரொட்டி கேட்டால் ரொட்டி தருகிறார்கள், வேறு எதுவும் கேட்பதில்லை.

நீங்கள் இங்கே வந்துவிட்டால் என்ன? கண் இருக்கிற ஊரிலெல்லாம் உங்களுக்குப் பிழைப்பு உண்டு. இங்கே கண்ணுக்குப் பஞ்சமே இல்லை. யோசித்துச் சொல்லுங்கள்.

போன அக்டோபரிலிருந்து ஒரு ஆளுக்குச் சமைத்து ஒரு ஆளாகச் சாப்பிடும்,
உங்கள் மனைவி

ஜூன் 11

மேடம் அவர்களுக்கு,

விதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கடிதத்தில் கத்த முடியாது என்று யார் சொன்னது? பேனாவை அழுத்தி எழுதினால் போதும். பின்பக்கம் தடவிப் பார், தெரியும்.

தலைமைப் பதவி கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். கடையில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பேனாக்கடை அக்கா எதிர்ப்பக்கத்திலிருந்து ரோட்டைத் தாண்டி வந்து, "அப்போ திரும்பி வர மாட்டாளா?" என்று கேட்டார். நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

நம்ம ஊருக்கு என்ன குறைச்சல் என்று எனக்குப் புரியவில்லை. குக்கிராமமா இது? இரண்டு ஆஸ்பத்திரி, ஒரு கல்லூரி, நினைத்த இடத்துக்கு பஸ். சொந்த வீடு. வீட்டிலிருந்து கடைக்கு நடந்தே போகிறேன், மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கமும் போடுகிறேன். இந்த ஊரில் பாதிப் பேரின் மூக்கு அளவு எனக்குத் தெரியும். ஃப்ரேமை நிமிர்த்திக் கொடுக்க யாராவது வந்தால் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. அங்கே வந்து, பெயர் தெரியாத கூட்டத்துக்குப் பெயர் தெரியாத ஒருத்தனாகக் கண்ணாடி விற்கவா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் பாப்பா அந்தக் காய்ச்சலில் போய் மூன்று வருடமாகிறது. அவள் போய்வந்த பள்ளிக்கூட பஸ்ஸின் ஓட்டுநர் இன்றைக்கும் கடை வாசலைத் தாண்டும்போது ஹாரனை இரண்டு தட்டுத் தட்டுகிறார். அவள் ஜன்னலில் இருந்து எனக்குக் கையாட்டுவதற்காக அன்றைக்குத் தட்ட ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. அவளுடைய சிவப்புக் கண்ணாடி ஷோகேஸில் அதே இடத்தில் இருக்கிறது. போன வாரம் ஒரு குழந்தை அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அதன் அம்மாவே, "அது விக்கிறதுக்கு இல்லம்மா" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஏழு வயது வரை இருந்துவிட்டுப் போன பிள்ளையை ஒரு ஊரே ஞாபகம் வைத்திருக்கிறது. உன் ஊரில் எந்த பஸ்காரர் எனக்கு ஹாரன் அடிப்பார்?

நீ திரும்பி வா. பழைய வேலையைத் தருவார்கள், விசாரித்துவிட்டேன்.

வீட்டில் இரண்டு நாற்காலியையும் துடைத்து ஒன்றில் மட்டும் உட்காரும்,
உன் கண்ணாடிக்காரர்

ஜூன் 19

கண்ணாடிக்காரருக்கு,

கேட்காமல் என் பழைய வேலையை விசாரித்தீர்களா? இதற்குத்தான் போனை வைத்தேன். ஆஸ்பத்திரி இரண்டு, கல்லூரி ஒன்று, பஸ் வசதி, எல்லாம் சரி. நீங்கள் எழுதிய மற்றதற்குப் பதில் எழுத என்னால் ஆகாது. கட்டாயப்படுத்தாதீர்கள்.

நான் சொல்வதைக் கேளுங்கள். கண் சோதிக்கும்போது ஒரு வட்ட ஃப்ரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்பீர்கள் இல்லையா? கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கே சலித்து, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றுவிடுவார்கள். உடனே நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்த ஃப்ரேமோடு வாசல் வரைக்கும் நடந்து தெருவைப் பார்த்துவிட்டு வரச் சொல்வீர்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எல்லாம் கணக்கில்லை என்பீர்கள்.

நீங்களும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் இந்த ஊரைத் திட்டுகிறீர்கள். போன தடவை வந்தபோது நான் லீவு போட்டுக்கொண்டு விருந்தாளியைச் சுற்றிக் காட்டுவது போல் காட்டினேன். அது தப்பு. இந்தத் தடவை ஒரு பத்து நாள் வாருங்கள். நான் லீவு போட மாட்டேன். காலையில் போய்ச் சாயங்காலம்தான் வருவேன். நீங்கள் உங்கள் பாட்டுக்குச் சுற்றுங்கள், காலிக் கடை ஏதாவது இருந்தால் பாருங்கள், சும்மா நடங்கள். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்க மாட்டேன்.

வரும்போது என்னுடைய பழைய நீலப் போர்வையை எடுத்துவாருங்கள். இங்கே வாங்கியது குத்துகிறது.

உங்கள் மனைவி

ஜூன் 26

மேடம் அவர்களுக்கு,

என் வித்தையை என்னிடமே காட்டுகிறாய். சரி, வருகிறேன். ஜூலை ஐந்தாம் தேதி காலை ரயில். போர்வை எடுத்து வைத்தாயிற்று.

பேனாக்கடை அக்கா, "கூட்டிட்டு வரப் போறீங்களா, கூடவே போகப் போறீங்களா?" என்று கேட்டார். "தெரியலக்கா" என்றேன். எனக்குத் தெரியவில்லை என்பது இப்போது ஊர் முழுக்கத் தெரியும்.

உன் கண்ணாடிக்காரர்

ஜூலை 17

கண்ணாடிக்காரருக்கு,

பத்து நாள் என்று வந்துவிட்டு எட்டாம் நாள் மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டு. 'கடையில் அவசரம், கிளம்புகிறேன்.' போனில் கேட்டால் தண்ணீர் மோட்டார் நன்றாக ஓடுகிறது என்கிறீர்கள். விதியை நான் போட்டேன், அதில் ஒளிந்துகொள்வது நீங்கள்.

நேற்று ஒரு வேலையாக மேலே, நோயாளிகளோடு வந்தவர்கள் காத்திருக்கும் கூடத்துக்குப் போனேன். விசாரணை மேசைப் பெண் என்னை நிறுத்தி, "மேடம், அந்த ஸ்க்ரூ சார் உங்களுக்குத் தெரிஞ்சவரா? ஒரு நாள் நீங்க வாசல்ல வரும்போது பார்த்துட்டுத் தூணுக்குப் பின்னாடி போயிட்டாரு" என்றாள். எந்த ஸ்க்ரூ சார் என்றேன். "தினம் காலையில நீங்க இறங்கிப் போனதும் வருவாரு. சாயங்காலம் நீங்க கிளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போயிடுவாரு. சட்டைப் பையில குட்டி ஸ்க்ரூடிரைவர் வெச்சிருப்பாரு. உட்கார்ந்திருக்கிறவங்க கண்ணாடியெல்லாம் சரி பண்ணிக் குடுப்பாரு. எங்க காவலாளிக்குக்கூட முறுக்கி விட்டாரு" என்கிறாள்.

 பூங்கா என்றீர்கள், பழைய புத்தகக் கடைத் தெரு என்றீர்கள், அருங்காட்சியகம் என்றீர்கள். யானையின் எலும்புக்கூட்டை எவ்வளவு விவரமாக வர்ணித்தீர்கள்! நானும் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆவென்று கேட்டேன். அத்தனை நாளும் நான் கீழ்த்தளத்தில், நீங்கள் என் தலைக்கு நேர் மேலே. உங்களை வரச் சொன்னது தெருவைப் பார்க்க. நீங்கள் என் ஆஸ்பத்திரியைவிட்டு வெளியே காலெடுத்து வைக்கவில்லை.

எனக்கு அவமானமாக இருக்கிறது. அதைவிட, நீங்கள் அங்கே தனியாக உட்கார்ந்திருந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்காவது மேலே வந்திருப்பேன். ஏன் பொய் சொன்னீர்கள், ஏன் ஓடினீர்கள், இரண்டுக்கும் பதில் வேண்டும்.

உங்கள் மனைவி

ஜூலை 25

மேடம் அவர்களுக்கு,

பூசி மெழுகாமல் எழுதுகிறேன். யானை ரயில் நிலையத்து விளம்பரத்தில் இருந்தது.

முதல் நாள் உண்மையாகவே சுற்றினேன். உன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு காலிக் கடை இருக்கிறது, வெளிச்சமான கடை. சொந்தக்காரர் வாடகையையும் முன்பணத்தையும் சொன்னார், சாவியை ஆட்டிக்கொண்டே போனில் யாரிடமோ பேசப் போய்விட்டார். நான் யார், என்ன வியாபாரம் என்றுகூடக் கேட்கவில்லை. பூங்காவுக்குப் போனேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன், அதில் இருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார். என்மேல் கோபமில்லை அவருக்கு, அந்த ஊர் வழக்கம் அப்படி. சாயங்காலம் வரை யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை பற்றி எழுதினாயே, எனக்கு அது செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது.

மறுநாள் உன்னை வாசலில் விட்டுவிட்டு அந்தக் கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று போனேன். அங்கே யாருக்கும் அவசரமில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், யாருக்கு என்ன உடம்பு என்று கேட்டார்கள். ஒரு அம்மாவின் கண்ணாடியில் காதுக்கம்பி கழன்று நூலால் கட்டியிருந்தது. சரி செய்து கொடுத்தேன். அப்புறம் என் முன்னால் வரிசையே சேர்ந்துவிட்டது. அந்தப் பெரிய ஊரில் எனக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான், போதுமா? நீ கீழே இருக்கிறாய் என்பதும் ஒரு காரணம். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் யானையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது ஏன் ஓடினேன் என்பது. எட்டாம் நாள் ஒரு பெண் வந்தாள். நீலத் தொப்பி, உங்கள் பிரிவுச் சட்டை. மூக்குப் பட்டை கழன்ற கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தாள். நான் யாரென்று சொல்லவில்லை. உன்னைப் பற்றி அவளாகவே ஆரம்பித்தாள். "எங்க மேடம் வேலையில ரொம்பக் கறார் சார். ஆனா நல்லவங்க. பாவம், புள்ளை இல்லை. அதான் வேலையே கதின்னு கெடக்காங்க." நான், "புள்ளை இல்லைன்னு யாரும்மா சொன்னது?" என்றேன். "அவங்களேதான் சொன்னாங்க" என்றாள்.

பட்டையை மாட்டிக் கொடுத்தேன். அவள் போட்டுப் பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போனாள். நான் நேராக நீ தங்கியிருக்கும் அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இருந்தாள், போய்விட்டாள் என்பதும், இல்லவே இல்லை என்பதும் உனக்கு ஒன்றா? அவளை நீ பெற்றவள். ஏழு வருடம் தலை வாரிவிட்டவள். வேலைக்காக அந்த ஊருக்குப் போனாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பிறக்கவே பிறக்காத ஒரு ஊரைத் தேடித்தான் போயிருக்கிறாய். அங்கே எனக்கு என்ன இடம்? என் முகத்தில் அவள் ஜாடை இருக்கிறதே, அதை எங்கே கழற்றி வைப்பது?

பேனாவை அழுத்தித்தான் எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 9

கண்ணாடிக்காரருக்கு,

இத்தனை நாளாக உங்கள் போனை எடுக்கவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, சாப்பிட்டேன். இனி ஊர் விஷயம்.

ஆமாம், சொன்னேன். வேலையில் சேர்ந்த முதல் வாரம். துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, "எத்தனை புள்ளைங்க மேடம்?" என்று அந்த நீலத் தொப்பிக்காரி கேட்டாள். வாயில் முதலில் வந்தது 'இல்லை'. நான் யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. அவள் சரி என்று அடுத்த துணியை எடுத்துவிட்டாள். என்னைப் பார்த்த பார்வை மாறவில்லை, கை நிற்கவில்லை. அப்படி ஒரு நிம்மதி எனக்கு. அன்றைக்கு அறைக்கு வந்து உடைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. ஆனால் இல்லாத பிள்ளைக்கு யாரிடம் போய் அழுவது? இங்கே எனக்கு அழ ஆளில்லை, கண்ணாடிக்காரரே. அந்த நிம்மதியோடு அதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டேன்.

நம்ம ஊரில் அந்தக் கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள், எல்லோருக்கும் பதில் தெரியும். ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றால் முன்னால் விடுவார்கள். நான் வந்தால் பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றிய பேச்சை நிறுத்துவார்கள். ஒரு தடவை பஸ் நிறுத்தத்தில் யாரோ ஏதோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மறுநாள் பேனாக்கடை அக்கா, "நேத்து சிரிச்சியாமே, கேக்கவே நல்லா இருந்துச்சும்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்லவே முடியாது. அப்புறம் அந்த ஊரில் சிரிக்கவே எனக்குப் பயமாகிவிட்டது. நான் சிரித்தாலும் செய்தி, சிரிக்காவிட்டாலும் செய்தி.

அந்த ஹாரன். நீங்கள் அதற்காகக் காத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். நான் அது கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன்.

சிவப்புக் கண்ணாடி. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு உங்கள் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். ஷோகேஸில் விளக்கைப் போட்டு வைத்திருப்பீர்கள், அது என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். கடைசி ஒரு வருடம் நான் பின்தெரு வழியாகச் சுற்றித்தான் வந்தேன். ஏன் லேட் என்பீர்கள். நடக்கிறது உடம்புக்கு நல்லது என்பேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பேனே என்று இப்போது பதறுவீர்கள். எடுத்திருப்பீர்கள். அதனால்தான் சொல்லவில்லை. உங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் அவள் இல்லாத ஊரைத் தேடிப் போனேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அதை எத்தனை தரம் படித்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

உங்கள் மனைவி

ஆகஸ்ட் 17

உனக்கு,

மேடம் என்று எழுத இன்றைக்கு வரவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் ஷோகேஸைத் திறந்து கண்ணாடியை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தேன். இவ்வளவுதானே, இனி அவள் எந்தத் தெரு வழியாகவும் வரலாம் என்று நினைத்தேன். டீ வருவதற்குள் பேனாக்கடை அக்கா ரோட்டைத் தாண்டிவிட்டார். "எங்க சிவப்பைக் காணோம்?" என்றார். துடைக்க எடுத்தேன் என்றேன். வங்கிக் காசாளர் வந்தார், அவரும் கேட்டார். பள்ளிக்கூட பஸ்காரர் பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொண்டே வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். "வித்துட்டீங்களா சார்?" என்று கேட்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தான் அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினேன். மத்தியானத்துக்குள் கடையைக் காலி செய்கிறேன் என்று பேச்சு. சாயங்காலம் நீயும் நானும் பிரிந்துவிட்டோம் என்று பேச்சு. முன்பின் பழக்கமில்லாத ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

எனக்கு மூச்சு முட்டியது. ஒரே ஒரு நாள். ஷட்டரை இறக்கிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் போகலாம் என்று பின்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தேன். இவ்வளவு தூரமா தினமும் சுற்றினாய்? நடுவில் அந்தச் சாக்கடைப் பாலம் வேறு. மழைக்காலத்தில் என்ன செய்தாய்?

போன கடிதத்தில் நான் எழுதியதை அடித்துவிடு. கோபத்தில் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன், பயத்தில் எழுதினேன். இவர்கள் கேட்பது தொல்லைதான், இன்றைக்குப் புரிகிறது. ஆனால் கேட்பதை இவர்கள் நிறுத்திவிட்டால் அவள் பேச்சே உலகத்தில் இல்லாமல் போய்விடுமே. அங்கே வந்தால் அவளைத் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். அதில் நீ வாயைத் திறக்க மாட்டாய். நான் யாரிடம் பேசுவது?

நீ கையெழுத்துப் போடு. மனதாரச் சொல்கிறேன். அந்த ஊர் உனக்கு வேண்டும். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன், மாதம் ஒரு தரம் வருகிறேன். பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். நமக்கு மட்டும் என்ன வந்தது?

போர்வை குத்தாமல் இருக்கிறதா?

ஆகஸ்ட் 26

கண்ணாடிக்காரருக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேலாளர் கை கொடுத்தார், நானும் கொடுத்தேன். திரும்பிக் கீழே வந்து வேலையைப் பார்த்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது, சொல்ல யாருமில்லை.

மத்தியானம் அந்த நீலத் தொப்பிக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். விசாரணை மேசைப் பெண் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. "ஸ்க்ரூ சார் உங்க வீட்டுக்காரரா மேடம்? நான் அவர்கிட்ட ஏதேதோ உளறிட்டேன்" என்று கையைப் பிசைந்தாள். நாங்கள் தட்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தோம். "நீ ஒண்ணும் உளறலை. எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. ஏழு வயசுல போயிட்டா" என்றேன்.

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. அவள் ஐயோ பாவம் என்று ஆரம்பிக்கவில்லை. மடிப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், நான் டேப்பை ஒட்டினேன். அடுத்த தட்டை எடுத்துக்கொண்டே, "கண்ணாடிக் கடைக்காரர் பொண்ணாச்சே, கண்ணாடி போட்டிருப்பாளா மேடம்?" என்று கேட்டாள். போட்டிருப்பா, சிவப்பு ஃப்ரேம், தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டா என்றேன். அவளைப் பற்றி இப்படி யாரிடமும் பேசி எத்தனை காலமாகிறது! எனக்கு நிறுத்த முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து உங்கள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து எல்லோருக்கும் கண் சோதிப்பாளே, "இது தெளிவா, அது தெளிவா" என்று உங்களைப் போலவே கேட்டு, அதையும் சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். இங்கே அது செய்தி ஆகாது.

அப்புறம் அவள் சாதாரணமாக, "எனக்கு அந்த வயசுலேயே மைனஸ் மூணு. பாப்பாவுக்கு என்ன பவர் மேடம்?" என்றாள்.

எனக்கு வரவில்லை. மைனஸ் என்று தெரியும், இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு என்று தெரியும். எண் வரவில்லை. ஒட்டிய டேப்பின் மேலேயே மறுபடி டேப்பை ஒட்டினேன். அவள் பதறி, "விடுங்க மேடம், சும்மா கேட்டேன்" என்றாள். சாயங்காலம் ரயிலில் யோசித்தேன், அறைக்கு வந்தும் யோசித்தேன். யோசிக்க யோசிக்க வேறு சிலதும் வரவில்லை. முதல் பல் எந்தப் பக்கம் விழுந்தது? பயந்துவிட்டேன்.

அங்கே இருந்திருந்தால் தெருவில் யாரையாவது நிறுத்திக் கேட்டிருக்கலாம். இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? என்னைக் கேள்வி கேட்காத ஊர் வேண்டும் என்றுதான் வந்தேன். மறக்க வரவில்லை. நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதினீர்களே, இதோ திறந்துவிட்டேன், பாதியில் நிற்கிறேன். மீதி உங்களிடம் இருக்கிறது.

பாப்பாவுக்கு என்ன பவர்?

ஆகஸ்ட் 31

மேடம் அவர்களுக்கு,

நீ போட்ட விதி ஞாபகம் இருக்கட்டும். ஊர் விஷயம் மட்டும்தான் கடிதத்தில். நீ கேட்டிருப்பது ஊர் விஷயம் இல்லை, ஆகவே இதில் எழுத முடியாது. போனில் சொல்லலாம் என்று இரண்டு தரம் எடுத்தேன், வைத்துவிட்டேன்.

ஊர் விஷயத்தில் என் பதில் இது. கடையைப் பேனாக்கடை அக்காவின் மருமகன் எடுத்துக்கொள்கிறான், அவனும் கண் சோதிக்கப் படித்தவன்தான். சாவி கைமாறும் முன்பே செய்தி போய்விட்டது, நான் யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. பஸ்காரர் மட்டும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார். "அப்போ நான் ஹாரன் அடிக்கவா, வேண்டாமா சார்?" என்று கேட்டார். அடிங்க என்றேன். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அடிங்க.

உன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த வெளிச்சமான கடை இன்னும் காலியாக இருக்கிறதா என்று முடிந்தால் பார்த்து வை. இல்லையென்றாலும் பாதகமில்லை. எனக்கு அந்த ஊர் இன்னும் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிவப்புக் கண்ணாடி என் சட்டைப் பையில், ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் காதுக்கம்பியில் ஒரு திருகு தளர்ந்திருந்தது, முறுக்கிவிட்டேன். வீட்டில் எங்கே வைப்பது, வைக்கலாமா வேண்டாமா என்பதை நீ சொல். நீ சொல்லாமல் பையை விட்டு எடுக்க மாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை வந்து சேருகிறேன். நீ லீவு போட வேண்டாம். மேலே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். வேலை முடிந்ததும் ஏறி வந்து கேள், சொல்கிறேன்.